வரியின் நடுவே ஒரு நிறுத்தம்

மூணாறுக்கு மேலே, எஸ்டேட் ரோட்டோரத்தில் ஒரு வீட்டின் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவர்களை நான் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கிளம்பியவன் நான். ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு விறகு போட்டிருக்கிறேன், ஒரு மழைக்காலம் முழுக்க லாரி கேபினில் படுத்திருக்கிறேன். இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். எந்த ஊரிலும் இவ்வளவு நாள் தங்கியதில்லை. தங்கியதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு அன்று விளக்கு வைத்த பிறகு அண்ணாச்சி தன் போனை ஒரு எவர்சில்வர் குண்டானுக்குள் நிறுத்தி வைப்பார். குண்டானுக்குள் வைத்தால் சத்தம் கூடும். லண்டன் ரேடியோவில் மாலை ஆராதனை வரும். ஏதோ ஒரு பெரிய கல் கோயிலிலிருந்து பாடகர் குழு பாடுவதை அப்படியே ஒலிபரப்புவார்கள். அங்கே அப்போது மத்தியானம்தான். பிரசங்கம் கிடையாது, முக்கால்வாசி பாட்டு. எனக்குச் சர்ச் பழக்கமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கிழங்கும் மீன் குழம்பும் இருக்கும் என்பதால் போய் உட்கார்ந்தேன், பிறகு கேட்கவும் ஆரம்பித்தேன்.

கேட்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு உருகுவது இல்லை. அந்த வீட்டில் அது ஒரு விசாரணை. ஆண்களின் அடிக்குரல் பேஸ், மேல்குரல் டெனர், பெண்களின் தாழ்ந்த குரல் ஆல்டோ, உச்சக் குரல் சோப்ரானோ என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றுவார்கள்.

"பேஸ்காரன் இன்னைக்குத் தூங்குதான்" என்பார் அண்ணாச்சி.

"அவன் தூங்கல. டெனர்தான் கத்துதான். அதனால அவன் சத்தம் கேக்கல" என்பார் அக்கா.

"சின்னப் பயலுவ மேல போறப்ப பாத்தியா, ஊசி மாதிரி!"

"ஊசிதான். குத்துது. போன வாரம் பாடினவனுவ நூலு மாதிரி போனானுவ."

பிறகு என் பக்கம் திரும்புவார்கள். "தம்பி, நீங்க சொல்லுங்க." எனக்கு என்ன தெரியும்? ரோட்டில் வண்டி போவதை வைத்துச் சொல்வேன். "முன்னால போற வண்டிய பின்னால வர்ற வண்டி தள்ளிக்கிட்டே வருதுக்கா." அக்கா கை தட்டுவார். "கேட்டியளா? இதத்தான் நானும் சொல்லுதேன். ஆல்டோ அவசரப்படுதா." என்னை வைத்து அண்ணாச்சியை மடக்குவதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

அக்கா கல்யாணமான நாளிலிருந்து எஸ்டேட் சர்ச்சில் சோப்ரானோ பாடுகிறவர். சோல்ஃபா ஸ்வர எழுத்தைப் பார்த்துப் பாடுவார். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய காலத்திலும் சனிக்கிழமைப் பயிற்சியைத் தவற விட்டதில்லை என்பார்கள். நான் வந்த வருஷம் அவருக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது குரல் இருந்தது, மூச்சு பாதிதான் இருந்தது. பைபிளில் வரும் சங்கீதத்தின் ஒரு வசனம் முடிவதற்குள் இரண்டு இடத்தில் விட்டுவிடுவார். கொயர் மாஸ்டர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷன். "கொஞ்ச நாள் கீழ உக்காந்து கேளுங்களேன்" என்று பதமாகச் சொல்லிப் பார்த்தார். கீழே உட்கார்ந்த யாரும் மறுபடி கொயர் மேடை ஏறியதில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த வாரம் அவர் சமைத்த எதிலும் உப்பு இல்லை. நாங்கள் இருவரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அப்போதுதான் அந்த நிறுத்தம் வந்தது.

எங்கள் பக்கம் மூடுபனி இறங்கினால் நெட்வொர்க் போய்விடும். பாட்டு நடுநடுவே அறுந்து அறுந்து வரும். சொல்லின் நடுவில் அறுந்தால் அது நெட்வொர்க்கின் வேலை என்று நாங்களே வகுத்து வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு சங்கீதம் பாடும்போது, ஒவ்வொரு வசனத்தின் பாதியிலும், சரியாக வரி மடங்குகிற இடத்தில், பாட்டு நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு எல்லாரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"பாத்தியளா தம்பி! ஒருத்தன்கூட முந்தல. மூச்ச எடுக்காங்க, காத்திருக்காங்க, சேந்து வாறாங்க. இதுல்லா ஒழுக்கம்!"

என் போனில் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். சனிக்கிழமை பயிற்சியில் போட்டுக் காட்டினார். லண்டன்காரனே நிறுத்தும்போது நமக்கென்ன என்று மாஸ்டரும் வசனத்துக்கு வசனம் அந்த நிறுத்தத்தைப் பழக்கினார். அக்காவுக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. பாதி வசனம், ஒரு மூச்சு, மீதி வசனம். முன் வரிசையில் தன் இடத்திலேயே நின்றார். கீழே உட்காரும் பேச்சு அத்தோடு நின்றது. குழம்பில் உப்பும் திரும்பி வந்தது.

மாங்காய் சீசனில் கோவிந்தாபுரத்துக்கு லோடு எடுக்கப் போனேன். ஒரு பாயின் மண்டியில் சரக்கு ஏற்ற நேரமானது. ஞாயிற்றுக்கிழமை. பாய் கடை வைஃபையைக் கொடுத்தார். வழக்கம் விடவில்லை, ஆராதனையைப் போட்டேன்.

"ஏனுங்க டிரைவரே, இதென்ன எழவு ஊட்டுப் பாட்டுங்களா?" என்றார் பாய்.

"கோயில் பாட்டுங்க பாய்."

"மாங்கா அழுகிப் போயிருமுங்க. வேகமா ஏதாச்சும் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சங்கீதம் தொடங்கியது. அங்கே பனியும் இல்லை, மலையும் இல்லை, நெட்வொர்க் கயிறு போல நீளமாக வந்தது. வரியின் பாதியில் அவர்கள் நின்றார்கள் என்று சொல்லவே முடியாது. இமைக்கிற நேரம். கடைசிச் சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த பாதி வந்துவிட்டது. பழைய ஒலிபரப்புகளும் கிடைக்குமென்று பாயின் மகள் தேடிக் கொடுத்தாள். நாங்கள் பதிவு செய்த அதே ஞாயிற்றின் பாட்டையும் கேட்டேன். அதிலும் நீண்ட நிறுத்தம் இல்லை. அன்றைக்கு மூடுபனி வரி பார்த்து வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசனை. சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அண்ணாச்சி போகிற இடமெல்லாம் லண்டன் நிறுத்தம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். விவரம் தெரிந்த யாராவது ஒருநாள் சிரித்துவிட்டால் அது அக்காவின் தலையில்தான் விடியும். வெளி ஆள் வாயிலிருந்து வருவதை விட என் வாயிலிருந்து வரட்டும் என்று பட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் போனைக் குண்டானில் வைத்துப் போட்டுக் காட்டினேன்.

அண்ணாச்சி இரண்டு தரம் கேட்டார். "உங்க போனு வேகமா ஓடுது தம்பி" என்றார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு முற்றத்துக்குப் போனார்.

அக்கா அவர் தட்டை மூடி வைத்தார். சனிக்கிழமை என் போனையும் வாங்கிக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனார். எல்லாருக்கும் முன்னால் அவரே போட்டுக் காட்டினார்.

"மாஸ்டர், லண்டன்ல அப்படி நிறுத்தலயாம். நம்ம மூடுபனி செஞ்ச வேல. சரியா பாடணும்னா இப்படிப் பாடுங்க."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். நிறுத்தம் இல்லாமல் பாடிப் பார்த்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். மூன்றாவது வசனத்தில் அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பாட்டுப் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கீழே இறங்கப் போனார்.

"எங்கக்கா போறிய?" பேஸ் வரிசையிலிருந்து ஒரு ஜீப் டிரைவர் கேட்டான். "மாஸ்டர், எனக்கே மூச்சு முட்டுது. நிறுத்தம் இருக்கட்டும்."

"உனக்கு மூச்சு முட்டுறது பீடியால" என்றாள் ஆல்டோ வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவளே தொடர்ந்தாள். "ஆனா மாஸ்டர், நாங்களும் கொழுந்து எடுத்துட்டு மேடேறி வாறோம். நின்னு பாடினாத்தான் சொல்லு ஒழுங்கா வருது. நிறுத்தம் இல்லாம மந்தைய ஓட்டுன மாதிரில்லா இருக்கு."

மாஸ்டர் கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்திவிட்டு எடுத்தார். எங்கள் சர்ச்சுக்குத் தகரக் கூரை. சத்தம் உடனே அடங்கிவிட்டது. "அவங்க கோயில்ல எதிரொலி அந்த இடத்த நிரப்புது. நமக்கு அது கிடையாது" என்றார். "நிறுத்தம் இருக்கும். ஆனா இனிமே யாரும் லண்டன் பேரச் சொல்லக் கூடாது. நம்ம நிறுத்தம்னு சொல்லுங்க. அக்கா, ஏறி நில்லுங்க."

அக்கா ஏறி நின்றார். புத்தகத்தைத் திறக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த மாதம் எங்கள் சர்ச்சும் மாலை ஆராதனையைப் போனில் நேரலையாக விட்டது. நான் லோடோடு இறக்கத்தில் இருந்தேன். சிக்னல் கிடைத்த ஒரு வளைவில் வண்டியை ஒதுக்கிக் கேட்டேன். ஒவ்வொரு வரியின் பாதியிலும் நின்றார்கள். தகரத்தில் மழைச் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே, மைக்குக்குப் பக்கத்தில், யாரோ ஆழமாக மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு எல்லாரும் சேர்ந்து வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே கேட்டார். "என்ன தம்பி, எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

"டெனர் சுருதி கீழ இறங்குது. ஆல்டோ நல்லா இருந்துச்சு."

"நான்?"

"கடைசி வசனம் வரைக்கும் இருந்தீங்க. ஆனா நீங்க மூச்சு எடுக்குறது மைக்குல கேக்குதுக்கா."

அண்ணாச்சி உள்ளிருந்து, "அது மழ" என்றார்.

"மழ இல்ல, நான்தான்" என்றார் அக்கா. முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "கேக்கட்டும். மூச்சு எடுக்காம எவ பாடுதா? அந்த மைக்கத்தான் அடுத்த தடவ டெனர் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லணும். அவனுவ லட்சணத்தையும் ஊரு கேக்கட்டும்."