நாலரையா, அஞ்சரையா

மதுமார் இரண்டு ஈயக்குண்டுகளை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்று நாலரை மில்லிமீட்டர், மற்றது ஐந்தரை. உஸ்கென் ஊர்ச் சந்தையில் கோசிம்ஜானின் துப்பாக்கிக் கடைக்கு வாரம் தவறாமல் வந்து இதே வேலையைத்தான் செய்கிறார். உருட்டுவார், பெருமூச்சு விடுவார், கடைசியில் தன் பழைய காற்றுத் துப்பாக்கிக்கு நாலரையிலேயே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவார்.

"பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான் அண்ணே," என்பார் கோசிம்ஜான்.

"மலை ஏறறது நீயா, நானா? கல்லாவுல உக்காந்துகிட்டுப் பேசாத."

மலைச் சரிவில் கௌதாரி அடிப்பவர் மதுமார். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அவர் வீட்டில் அது உணவு. குண்டிலேயே செத்தது நாய்க்கு. அதனால் நாலரையை வைத்து இறக்கையைப் பார்த்துச் சுடுவார். பறவை விழும், ஓடிப்போய்ப் பிடிப்பார். அந்த ஓட்டம் இப்போது இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இறக்கை ஒடிந்த கௌதாரி அவரை முந்திக்கொண்டு பாறை இடுக்குக்குள் புகுந்துவிடுகிறது. யாருக்கும் ஆகாமல் அங்கேயே கிடந்து சாகிறது. அதை நினைத்தால் அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை. ஐந்தரை என்றால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அறுக்க உயிர் இருக்காது.

வீட்டில் மனைவி அனார்கான் குளிர்காலம் தொட்டே படுக்கையில் இருக்கிறாள். கௌதாரி போட்ட ஷோர்போ சூப் ஒன்றுதான் அவள் வயிற்றில் தங்குகிறது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. "அறுக்கும்போது துடிச்சுதா?" துடித்தது என்று சொன்ன பிறகுதான் பானை அடுப்பேறும். அவளிடம் அவர் பொய் சொன்னதில்லை.

இந்த வாரம் அவர் முகத்தைப் பார்த்துக் கோசிம்ஜானுக்கே மனசு கேட்கவில்லை. ஐந்தரைத் துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சும்மா கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்கண்ணே. சுடும்போதே பிஸ்மில்லா சொன்னா போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"என் வீட்டுல இருக்கிறவ சொல்லணுமே," என்றார் மதுமார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஒரே குண்டில் கௌதாரி விழுந்தது. கத்தியோடு தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தபோது கண் மூடிக் கிடந்தது. அறுத்துப் பார்த்தார். அசைவே இல்லை.

வெயில் தாழுமுன் வீடு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளே படுத்திருந்த அனார்கான் பறவையைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த புதுத் துப்பாக்கியைப் பார்த்தாள். வீங்கிய அவர் முழங்காலைப் பார்த்தாள். ஷோர்போ இல்லாத நாட்களில் தேநீரைத் தவிர எதுவும் இறங்காத வயிறு அவளுக்கு. இந்த முறை அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"பானைய ஏத்துங்க," என்றாள்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவளும் அதைத்தான் விரும்பினாள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"துடிக்கல, அனார்."

நாயைக் கூப்பிட்டுப் பறவையைப் போட்டார். ஆணியில் தொங்கிய பழைய நாலரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டி, குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.