என் காலுக்கு மட்டும் நடந்த பரிசோதனை

என் கையெழுத்து நேராக நிற்காது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாய்விட்டுச் சொல்வதைவிட இது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

பாப்பாரப்பட்டிப் பக்கத்துத் தோப்புகளில் மரம் ஏறிப் புளி உலுக்குவது என் வேலை. என் அண்ணன் மாரடைப்பில் போன பிறகு, எனக்கும் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். தின்ற முதல் மாதமே தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி. நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் அண்ணன் முகம் கண்ணில் நிற்கும். தின்றால் கிளையில் கால் ஊன்ற முடியாது. காலா, நெஞ்சா என்று இரண்டு வருடம் இதே கவலையில் ஓடியது.

அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. அந்த மாத்திரை வலி தரும் என்று ஒரு டாக்டரும், தராது என்று இன்னொரு டாக்டரும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"ஆயிரம் பேருக்கு என்ன ஆச்சுன்னு புத்தகத்துல இருக்குங்கண்ணா. உங்க காலுக்கு என்னன்னு அதுல இல்ல. உங்க ஒருத்தர வெச்சே பாத்துடலாமா?"

கம்பவுண்டர் ஆறு கவர் கட்டினார். ஒரு கவர் இரண்டு வாரத்துக்கு. மூன்றில் மருந்து, மூன்றில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. எதில் எது என்று எழுதிய தாள் ஒட்டிய உறைக்குள் கம்பவுண்டரிடம் இருந்தது. தினம் சாயங்காலம் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை நான் நோட்டில் எழுத வேண்டும்.

இங்கேதான் தப்பு செய்தேன். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் பரவாயில்லைங்க என்றுதான் சொல்வோம். இவ்வளவு பாடுபடுகிறவருக்கு ஏழு, எட்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு, இரண்டு என்றே எழுதினேன். மூன்றாவது கவரில் என் வீட்டுக்காரி நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"கால புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க, நோட்டுல ரெண்டுங்கிறீங்க. அந்தம்மா மனசு நோவும்னா? நோவறது யாரு காலு?"

சொல்லிவிடலாம் என்று போய், இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திரும்பினேன். மூன்றாவது முறை உள்ளே போய், தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை.

"எந்தக் கவர்ல எது இருக்குன்னு எனக்கே தெரியாதுங்கண்ணா. எட்டுன்னு எழுதினா எனக்கு என்ன வருத்தம்? ஒண்ணுன்னு எழுதினா என்ன சந்தோஷம்?"

அந்த ஒரு வார்த்தையில் என் தோளிலிருந்து மூட்டை இறங்கியது. கம்பவுண்டர் புதிதாக ஆறு கவர் கட்டித் தர, முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். பன்னிரண்டு வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒன்பது என்றுகூட ஒருநாள் எழுதினேன்.

கடைசி நாள் அந்த உறையை என் முன்னால் கிழித்து, என் எண்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மருந்து தின்ற வாரங்களிலும் ஏழு இருந்தது. வெறும் மாத்திரை வாரங்களிலும் ஏழு இருந்தது. அந்த ஒன்பது, வெறும் மாத்திரை தின்ற நாளில் வந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் பொய்யா சொன்னேன் என்று கேட்டேன்.

"வலி நெசந்தாங்க. மாத்திரதான் அதுக்குக் காரணமில்ல. நீங்க உண்மைய எழுதினதாலதான் இது தெரிஞ்சுது."

காலுக்குத் தனியாக வைத்தியம் சொன்னார். அன்றே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். அடுத்த வருடம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியாது.

வலி இன்னும் முழுக்க விடவில்லை. நேற்றும் உலுக்கிவிட்டு இறங்கும்போது இருந்தது, நான்கு போடலாம். ஆனால் பயமில்லாத வலி வேறு மாதிரி. அதோடு மரம் ஏறலாம், சாப்பிடலாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கலாம். இதை அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்லாததை இன்று எழுதிவிட்டேன்.

பங்குனி இருபத்திரண்டு, சனிக்கிழமை.