அத்தானின் வலப்பக்கப் பொக்கற்

ஆகஸ்ட் மாத வெயிலிலும் அத்தான் அந்தச் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றமாட்டார். அதன் வலப்பக்கம் எப்போதும் சற்றுக் கீழிறங்கித் தொங்கும். கடைக்கு வருபவர்கள் அவருக்கு ஏதோ நோய் வருத்தம், குளிர் தாங்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வால்தம்ஸ்டோ என்ற ஆங்கிலேயப் புறநகரில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை நடத்தினார். பகலில் நானும் அங்கே கவுண்டரில் நிற்பேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேர் வந்து போத்தலால் அவர் மண்டையை உடைத்துவிட்டுப் பணத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். காயம் ஆறியது. ஆனால் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சில கிழமைகளுக்குப் பிறகுதான் அந்தக் கோட்டு வழக்கமானது.

ஒரு முறை அதை மாட்டிவைக்க எடுத்தேன். கனத்தது. உள்ளே, பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு மலிவான ரிவால்வர். பக்கத்துப் பப்பில் யாரோ விற்றதாம். ஊரில் துவக்குச் சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த மனிதர் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“அக்காவுக்குச் சொல்லாதை, பிள்ளை. இது இல்லாட்டி எனக்குக் கடை திறக்க ஏலாது.”

அதன்பிறகு அது அவரைக் காவல் காத்ததா, அவர் அதைக் காவல் காத்தாரா என்று சொல்வது கடினம். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் எடுத்துவிடும். கடையில் வைத்தால் உடைத்து எடுத்துப்போவார்கள். கால்வாயில் எறியலாம் என்றால், எறியும்போது யாராவது கண்டுவிட்டால்? அவருடைய விசா அப்போது தற்காலிகமானது. பிடிபட்டால் மறியல், கம்பி எண்ணவேண்டும், அதன்பிறகு கொழும்புக்கு விமானம். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் குடும்பமாகப் போனால், கால் நோகுது என்று சொல்லி வெளியே மதிலோரம் நின்றுவிடுவார். ரயிலில் பொலிஸ்காரர் ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். எறியவும் வழியில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. அப்படியே நாலைந்து வருடங்கள் போயின.

பிறகு ஒரு பிற்பகல், கத்தியோடு ஒருவன் வந்தான். கவுண்டருக்குள் பாய்ந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். அத்தானின் வலக்கை பொக்கற்றுக்குள் போனதை நான் கண்டேன். அவன் என்னை முன்னால் மறைப்பாக வைத்திருந்தான். அத்தானின் கை உள்ளேயே நின்றுவிட்டது. இடக்கையால் அவரே பணத்தை எடுத்து நீட்டினார். அவன் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அடுத்த கடைக்காரர் கூப்பிட்டுப் பொலிஸ் வந்தபோதும் அத்தானின் கை பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. வந்தவர்களில் ஓர் இளம் பெண் அதிகாரி அதைக் கவனித்தாள். சந்தேகப்பட்டு அல்ல, கையில் வெட்டுப்பட்டுவிட்டதோ, நோகிறதோ என்று தணிந்த குரலில் கேட்டாள். அத்தான் கண்கள் கலங்க, கையை வெளியே எடுத்து, பத்திரிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ரிவால்வரை வைத்தார்.

வழக்கு நடந்தது, மறியலும் கிடைத்தது. எங்கள் சட்டத்தரணி பட்ட பாட்டில் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இன்று பேரப்பிள்ளைகளோடு ஈலிங் பக்கம் இருக்கிறார். துர்க்கை அம்மன் கோயிலில் முன் வரிசையில்தான் நிற்பார்.

முதன்முதலாக அக்காவும் நானும் மறியலுக்கு அவரைப் பார்க்கப் போன நாள் மட்டும் எனக்கு மறப்பதில்லை. அழுது உடைந்துபோயிருப்பார் என்று பயந்துகொண்டு போனோம். அவரோ முகம் தெளிந்து இருந்தார். சாப்பாடு எப்படி, குளிரா என்று அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“இஞ்சை கதவு பூட்டுறதும் திறக்கிறதும் காவல்காரரின்ரை வேலை, பிள்ளை. வந்த முதல் நாளே நல்லா நித்திரை கொண்டிட்டன்.”

அன்று காலையும் கடையைத் தனியாகத் திறந்து, பூட்டிவிட்டு வந்திருந்த அக்கா, அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.