தப்பு டீச்சர்

பத்துக் கணக்கில் எதைத் தப்பாகப் போடலாம் என்று ஒற்றைக் கண்ணை இடுக்கி யோசிக்கிறார் தப்பு டீச்சர். நான்காவது. ஒரு துண்டுச் சீட்டில் '4' என்று எழுதி, மடித்து, டஸ்டருக்கு அடியில் வைக்கிறார். பிறகு கரும்பலகையில் ஆறேழு நாற்பத்து நான்கு என்று கூசாமல் எழுதுகிறார். அப்போது அந்த முகத்தைப் பார்த்தால், பால் குடிக்கும் பிள்ளைகூடத் தோற்றுப்போகும்.

ஆட்டம் இதுதான். பத்துப் பெருக்கலில் ஒன்று தப்பு. கண்டுபிடிப்பவர் சீட்டைப் பிரித்து உரக்கப் படிக்கலாம். "எங்க, என்னை மாட்டி விடுங்க பாப்போம்!" என்று இடுப்பில் கைவைத்து நிற்பார். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வாய்ப்பாடு சொல்லாத பிள்ளைகள், டீச்சரை மாட்டிவிடும் ஆசையில் எட்டாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் உளறின. அந்த வகுப்பின் கூச்சல் தாங்காமல் கூரைப் பல்லிகள் குடும்பத்தோடு பக்கத்து வகுப்புக்குக் குடியேறிவிட்டதாகக் கேள்வி.

மத்தியானம் இடமதிப்பு. தரையில் மூன்று கட்டம்: ஒன்றுகள், பத்துகள், நூறுகள். "ஒன்றுகள் வீட்டுல ஒம்பது பேருக்குத்தான் எடம். பத்தாவது ஆள் காலை வெச்சா, எல்லாரும் சேந்து ஒரே ஆளாகி அடுத்த வீட்டுக்குப் போயிடணும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது!" ஒன்பது பேர் முணுமுணுத்தபடி பெஞ்சுக்குத் திரும்ப, மிச்சமிருக்கும் ஒருவர் பத்துகள் கட்டத்துக்குத் தாவி நெஞ்சை நிமிர்த்துவார். காலையில் பென்சில் காணோம் என்று அழுத பிள்ளைக்கு இப்போது பத்து ஆள் கனம்.

டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. தனிக்கட்டை. கேட்டால், "எனக்கா? முப்பத்தெட்டுப் பசங்க. வருஷா வருஷம் புதுசு" என்பார்.

நாலாவது கணக்கில் தப்பு வைத்த அந்த நாளில்தான், இரண்டாவது பெஞ்சு வாயாடி எழுந்தாள். "டீச்சர், நாலாவது தப்பு. ஒம்பதாவதும் தப்பு. ஏழெட்டு அம்பத்தாறு. நீங்க அறுபத்தஞ்சு போட்டிருக்கீங்க."

"பார்றா! ஒண்ணுக்கு ரெண்டா வெச்சாலும் விட மாட்டேங்குறீங்களே!" டீச்சர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வாயாடி கை நீட்டுவதற்குள் சீட்டைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பிள்ளைகள் மூன்று பிடித்தன. அடுத்த வாரம் நான்கு. அறிவியல் ஆசிரியர் வராந்தாவில் மறித்தார். "என்னக்கா, உங்க வகுப்புல தப்பு மலிஞ்சு போச்சாமே?"

"புத்திசாலிப் பசங்க சார். ஒரு தப்பு பத்தலையாம், பசி!"

சிரித்துவிட்டுப் போன டீச்சர், ஆசிரியர் அறையில் தன் தம்ளர் எது என்று தெரியாமல் ஆறு தம்ளர்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவி. பிறகு தெருப் பெயர். கடைசியில் சோறு ஊட்டிக்கொண்டிருந்த தங்கையையே பார்த்து, "நீங்க யாரும்மா, எந்த வீடு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் தனக்குள் ஒரு பந்தயம் கட்டினார். இன்று வேண்டுமென்று தப்பு வைப்பதில்லை. பத்தும் சரியாக வந்தால் இந்த ஆண்டு முடியும்வரை ஓட்டிவிடலாம். வராவிட்டால் தலைமையாசிரியரிடம் தானே போய்ச் சொல்லி வகுப்பை விட்டுவிட வேண்டியதுதான். அரைமணி முன்னதாகவே வந்து எழுதினார். நோட்டின் பின்னட்டையிலிருந்த வாய்ப்பாட்டோடு விரல் வைத்து இருமுறை ஒத்துப் பார்த்தார். சீட்டில், 'இன்று தப்பே இல்லை' என்று எழுதி மடித்தார்.

வாயாடிக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. "மூணு, எட்டு. ரெண்டும் தப்பு டீச்சர்!"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது கணக்கு அவருக்குச் சரியாகவே தெரிந்தது. எட்டாவதும்தான்.

"சீட்டு! சீட்டு!" என்று வகுப்பு மேசையைத் தட்டியது. வாயாடி ஓடிவந்து சீட்டைப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். 

"மூணு, எட்டுன்னுதான் எழுதியிருக்கு!" என்று திடீரென்று கத்தினாள். யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் சீட்டை வாயில் போட்டு மென்றுவிட்டாள்.

"மாட்டிக்கிட்டாங்க! டீச்சர் மாட்டிக்கிட்டாங்க!" என்று வகுப்பே குதித்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே டீச்சர் வாயாடியின் உள்ளங்கையை விரித்து, சாக்பீஸை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு இரண்டாவது பெஞ்சில் அவள் விட்டுவந்த இடத்துக்குப் போய், பிள்ளைகள் நகர்ந்து கொடுக்க, கரும்பலகையைப் பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்தார்.