நூற்றுப்பத்துப் பேர் விருந்து சாப்பிட்ட பட்டம்

சுல்மீரா போர்பா பட்டம் வாங்கியதைக் கொண்டாட எங்கள் ஊரில் திருவிழா விருந்து நடக்கிற ஃபெஷ்டா மண்டபத்தில் நூற்றுப்பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டித் துண்டுகள் மேல் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி, புதினாக் கொத்து போட்டு மூடிவைக்கிற சோப்பாஷ். அண்டா அண்டாவாக அதைக் காய்ச்சியது அவளுடைய நாத்தனார் அடெலினா. சாப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. பட்டம்தான் வந்திருக்கவில்லை. அது சுல்மீராவுக்கும் தெரியாது, தின்ற எங்களுக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்துத்தான் குட்டு உடைந்தது.

சுல்மீராவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் அசோர்ஸ் தீவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவள். அப்பன் பண்ணையில் கறந்தாள், கல்யாணமாகிப் புருஷன் லியோனெல் பண்ணையில் கறந்தாள். பாதி மாடுகளை விற்ற பிறகு சீஸ் ஆலைக்கு வேலைக்குப் போனாள். பால் லாரி உள்ளே வந்ததும் இவள் ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, முதலில் மூக்கை நீட்டுவாள். பிறகுதான் கரண்டியால் மாதிரி எடுப்பாள். "திருப்பிக்கிட்டுப் போப்பா, மருந்து ஊசி போட்ட மாட்டுப் பால் கலந்திருக்கு" என்பாள். டிரைவர் முணுமுணுப்பான். ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் வரும். ஆய்வுக்கூடத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் தட்டில் கிருமி எண்ணத் தடுமாறினால், கையைக் கழுவிக்கொண்டு போய் எண்ணிக் கொடுப்பதும் இவள்தான்.

கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயது. தவணைக்கு ஒரு பாடம், புதன்கிழமை சாயங்காலம். பாடத்துக்கு இரண்டோ மூன்றோ யூனிட், பட்டத்துக்கு அறுபது யூனிட் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய தாளில் யூனிட்டுக்கு ஒரு கோடு போடுவாள். பதினாலு வருஷத்தில் அறுபதும் ஆனது. அறுபது ஆனால் காகிதம் தானே தபாலில் வரும் என்று நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? மடியில் கறந்த பால் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிறது, போ என்று யாரும் மனு எழுதுவதில்லையே. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு மேடை ஏறும் விழாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட் இருந்ததால் போகவில்லை. அதே கோடையில் வீடு மாறினார்கள். காகிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, மூன்று வருஷமாகத் தபால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அந்த மனுஷன்.

பட்டம் ஆன பிறகும் காலேஜை விடவில்லை. புதன்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தாள். கோணல் கோணலாகக் கிண்ணங்கள் செய்து கொண்டுவந்தாள். லியோனெல் அவற்றில் திருகாணி போட்டு வைத்தான்.

இந்த வருஷம் ஆலையில் ஆய்வுக்கூடத் தலைமை வேலை காலியானது. சுல்மீரா அதற்காகவே பிறந்தவள் என்று டிரைவர்களே ஒத்துக்கொள்வார்கள். ஆலையை வாங்கிய புது ஆட்கள் மட்டும் பட்டம் வேண்டும், ஜூன் கடைசிக்குள் காலேஜ் மதிப்பெண் பட்டியலில் அது தெரிய வேண்டும் என்றார்கள். "தெரியும், நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பட்டியலை வாங்கி நீட்டினாள். மூன்று பக்கம், வரிசையாகப் பாடங்கள். கீழே பட்டம் என்ற வரியே இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலேஜில் மாய் ஷ்யோங் என்ற ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தாள். மாய்க்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடி, சின்னக் குரல். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க பட்டத்துக்கு விண்ணப்பமே போடலையே."

"எதுக்கும்மா விண்ணப்பம்? படிச்சது நான்தானே?"

"படிச்சது நீங்கதான். ஆனா முடிச்சுட்டேன், குடுங்கன்னு நீங்க கேக்கணும். கேக்காம நாங்க குடுக்க மாட்டோம்."

"இதை யாரும் சொல்லலையே."

"கையேட்டுல இருக்கு."

"கையேட்டுல எத்தனையோ இருக்கு, தங்கச்சி. நூத்திப்பத்துப் பேருக்குச் சோறு போட்டுட்டேன் நான்."

மாய்க்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மே மாதப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள் என்றாள். அதோடு நிற்கவில்லை. இப்போதைய விதிப்படி பார்த்தால் சுல்மீராவுக்கு இன்னும் மூன்று பாடம் பாக்கி, முடிக்க ஒன்றரை வருஷம் ஆகும். சேர்ந்த வருஷத்து விதிப்படி பார்த்தால் பாக்கி எதுவும் இல்லை. ஆனால் பழைய விதியைக் கேட்பதற்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் ஏதாவது ஒரு பாடம் பதிவில் இருக்க வேண்டும்.

"விட்டதே இல்லை" என்றாள் சுல்மீரா.

மாய் வருஷம் வருஷமாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். மண்பாண்டமும் கணக்கில் வந்தது. அந்தக் கிண்ணங்களுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று யார் நினைத்தது? ஏழாவது வருஷத்தில் விரல் நின்றது.

"இந்த வருஷம் பாஸான பாடம் எதுவும் காணோமே."

அந்த வருஷம் சுல்மீராவுக்கு மறக்குமா? வசந்தத் தவணையில் வகுப்பே கிடைக்கவில்லை. இலையுதிர் தவணையில் கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். சேர்ந்த மறு வாரம் லியோனெலை ஒரு காளை தொழுவக் கம்பியோடு வைத்து நசுக்கியது. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் பகலில் ஆலைக்குப் போனாள், விடியுமுன் கறந்தாள், மிச்ச நேரம் கட்டில் பக்கத்தில் கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு உட்கார்ந்தாள். புதன்கிழமை வகுப்புக்கும் போனாள். அடெலினா ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "புருஷன் எலும்பு உடைஞ்சு கெடக்கான், உனக்குப் படிப்பு கேக்குதோ? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டி."

அந்த வாரமும் சுல்மீரா வகுப்புக்குப் போனாள். பத்து வாரம் தாக்குப்பிடித்தாள். பதினோராவது வாரம் முடியவில்லை. பாடத்தைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பத்து வாரமும் வீண், நாத்தனார் சொன்னதுதான் சரி, முதல் நாளே விட்டிருக்க வேண்டும் என்று பத்து வருஷமாக உள்ளுக்குள் குமைந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"கெமிஸ்ட்ரி எடுத்தேன்" என்றாள் மெதுவாக. "பாதியில விட்டுட்டேன்."

"எத்தனாவது வாரம்?"

"பதினொண்ணு."

மாய் திரையைக் கீழே இழுத்தாள். "இருக்கு" என்றாள். "பாதியில விலகினார்னு பதிவாகியிருக்கு. மதிப்பெண் கிடையாது. ஆனா அந்த வருஷம் நீங்க இங்க இருந்தீங்கங்கறதுக்கு அது போதும்."

"போதுமா?"

"மூணு வாரத்துக்குள்ள விட்டிருந்தா தடமே இருந்திருக்காது. பேரை அடிச்சிருப்பாங்க. பழைய விதியும் போயிருக்கும். நீங்க பத்து வாரம் வந்திருக்கீங்கல்ல, அதான் நிக்குது."

சுல்மீரா கையை மேஜை மேல் ஊன்றித் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள். மாய் இன்னொரு தடவை சொன்னாள்.

விண்ணப்பம் ஒரே ஒரு பக்கம். நாலு நிமிஷ வேலை. கடைசியில், ஸ்டேட் யூனிவர்சிடியில் மேலே படிக்க விருப்பமா என்று ஒரு கட்டம் இருந்தது. "இந்தப் பட்டம் இருந்தா அங்க நேரா மூணாம் வருஷத்துல சேரலாம்" என்றாள் மாய். சுல்மீரா யோசிக்கவே இல்லை, பேனாவை அழுத்தி டிக் போட்டாள். நாற்பத்தேழு வயதில் அந்த டிக் போட நெஞ்சுரம் வேண்டும், அது அவளிடம் லாரி கணக்கில் இருந்தது. காருக்கு வந்தபின்தான் அழுதாள். நன்றாகவே அழுதாள்.

சனிக்கிழமை மண்டபத்துச் சமையலறையில் திருவிழாவுக்கு ரொட்டி வெட்டும்போது, எல்லார் காதிலும் விழும்படி உண்மையைச் சொன்னாள். விருந்து போட்ட அன்றைக்குப் பட்டம் வரவில்லை, இனிமேல்தான் வரப்போகிறது.

லியோனெல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "பட்டம் இல்லாமலே மூணு வருஷம் எங்களை இந்த மிரட்டு மிரட்டியிருக்கா. வந்துட்டா என்ன கதியோ."

பிறகு சுல்மீரா அந்தப் பத்து வாரத்தைப் பற்றியும் சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, ரொட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். அடெலினாவின் கத்தி நின்றது. அவள் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. "பேப்பரைக் கண்ணுல காட்டு" என்றாள். "அப்பறம்தான் உனக்கு அண்டாவை ஏத்துவேன். ரெண்டாவது தடவை ஏமாற ஆள் நான் இல்லை."

ஜூன் பதினேழாம் தேதி, ஆலை சொன்ன கெடுவுக்குள், உறை வந்தது. தபால்காரனே கையில் கொடுத்தான், சுல்மீரா அவனை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். பிறகு உறையை எடுத்துக்கொண்டு நேரே அடெலினா வீட்டுக்குப் போனாள். அடெலினா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்பு" என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய அண்டாவை இறக்க ஸ்டூல் மேல் ஏறினாள்.