வியன்னாவில் ஒரு முத்தச் சத்தம்

ஜெர்மன் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி அவள். கன்னத்தில் எப்போதும், பர்மியப் பெண்கள் சந்தனம்போல் பூசும் தனாக்கா பூச்சு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். உதவித்தொகைக்கு இருவரும் விண்ணப்பித்தோம். வியன்னாவில் படிக்கும் இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

முதல் விடுமுறையில் யாங்கோன் வந்தவளை, பபேடான் பகுதி டீக்கடை ஒன்றில் சந்தித்தேன். இங்கே டீ கொண்டுவருபவரை அழைக்க, உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் எழுப்புவோம். வியன்னா போன முதல் வாரமே, அங்கே நூறு வருடப் பழமையான காப்பிக்கடை ஒன்றில் அப்படியே கூப்பிட்டுவிட்டாளாம்.

“அம்மாடியோ! அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்கடி. வெயிட்டர் மொறைச்ச மொறைப்பு இருக்கே! மானமே போச்சு!”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ பாவம்” என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே போயிருக்க வேண்டியது என் மானம்.