ஏகாம்பரம் அண்ணன் சொன்னது நடந்துவிட்டது

விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் எங்களுக்குக் கேட்காது. போன செவ்வாய்க்கிழமை காலையில் என் மகன் தினேஷ் மெயினை அணைத்துவிட்டு வந்து நின்றான். கரண்ட் போய்விட்டதென்று நினைத்து வழக்கம்போல் திட்ட ஆரம்பித்தேன். "தரகர் ஐயா தவறிட்டாராம்பா" என்றான். கல்யாணத் தரகர் ஏகாம்பரம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்கு அழுகை வருவதற்கு முன்பே, இனி இவனுக்கு யார் பெண் பார்ப்பார்கள் என்ற எண்ணம்தான் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

ஆரணி, போளூர், சேத்துப்பட்டு, பெரணமல்லூர் வட்டாரத்து நெசவுக் குடும்பங்களில் அவர் கை படாத கல்யாணம் குறைவு. ரெக்சின் பையும் பழைய மொபெட்டுமாக வருவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேரே பின்கட்டுக்குப் போய்க் குளியலறையைப் பார்ப்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஜாதகத்தைக் கையில் வாங்குவார். கடைசி பஸ் எப்போது, பிரசவத்துக்கு டாக்டர் உண்டா என்றெல்லாம் டீக்கடையில் விசாரிப்பார். பையனைத் திருத்திவிடலாம், ஊர் திருந்தத்தான் நாளாகும் என்பது அவர் கட்சி.

என் தங்கை மல்லிகாவுக்குப் பெரணமல்லூர் வரனைக் கொண்டுவந்தவர் அவர்தான். அப்போதெல்லாம் ஆரணிக்காரர்கள் அங்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள். இங்கே பட்டுக் கடைகள், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் உண்டு. அங்கே இருட்டிவிட்டால் பஸ்ஸே கிடையாது. என் அப்பா முடியவே முடியாது என்றார். அண்ணன் விடவில்லை.

"பையன் தங்கமான பையன். ஊருதான் கொஞ்சம் பின்னால கீது. ரோடு வந்துகினு கீது, தறி வந்துகினு கீது. கொஞ்ச வருஷம் பொறுத்துக்குங்க, ஆரணியும் அதுவும் ஒண்ணு ஆயிடும்" என்றார். அப்பா அந்தப் பேச்சில் மயங்கிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கொஞ்ச வருஷம் மல்லிகாவுக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. முதல் பிரசவ வலியோடு, கார் கிடைக்காமல், டிராக்டரில் ஆரணிக்கு வந்து சேர்ந்தாள். அதற்காக என் அம்மா அண்ணனை வாசலில் நிற்கவைத்துக் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து பெரணமல்லூரின் முன்னேற்றத்துக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் ஆகிவிட்டார். குழாய் போட்டாலும், ஏ.டி.எம். திறந்தாலும், ராத்திரி பஸ் விட்டாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. "மந்திரி வந்துட்டாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

ஆனால் அவர் சொன்னது நடக்கத்தான் செய்தது. ஆரணியில் கூலி ஏறியதும், முதலாளிகள் கூலி குறைந்த சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வேலையை அனுப்பத் தொடங்கினார்கள். மல்லிகா வீட்டிலும் தறி ஓடியது. பிறகு செய்யாறு பக்கத்துத் தொழிற்சாலை வேன்கள் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போக, அங்கேயும் தறிக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறிற்று. கடைசியில் இங்கே தருவதையே அங்கேயும் தர வேண்டியதாயிற்று. மல்லிகா வீட்டுக்கு டைல்ஸ் போட்ட அன்று அண்ணன் இனிப்போடு வந்து, "இப்ப இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மல்லிகாவின் மகள் கௌசல்யாவைத் தினேஷுக்குக் கேட்கலாம் என்றார். அத்தை மகள், முறைதான். தினேஷ் டிப்ளமா படித்தவன், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவன். ஆரணியில் தறி ஓட்டுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக வந்த இடமெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. கௌசல்யா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது அண்ணனும் நானும் போனோம். அண்ணன் ஆரணியின் பெருமைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்:

"உங்க பையன் மேல ஒரு குறையும் இல்ல மாமா. ஆனா எனக்கு ஆரணியும் ஒண்ணுதான், பெரணமல்லூரும் ஒண்ணுதான். நான் செய்யற வேலை ரெண்டு ஊர்லயும் இல்ல."

கோபித்துக்கொள்ளக்கூட இடம் வைக்காத பதில். நான் மல்லிகாவைப் பார்த்தேன். "நான் பொறுத்துகினு இருந்தது போதும்ணா, அவள விட்டுடு" என்றாள் அவள். பஸ்ஸில் வரும்போது அண்ணன், "நான் சொன்னாப்புல ரெண்டும் ஒண்ணா ஆயிடுச்சி. இப்டி ஆவும்னு தெரியலியேப்பா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. போளூர், சேத்துப்பட்டு என்று அலைந்தார். எல்லா ஊரிலும் இப்போது ரோடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, படித்த பெண்கள்தான் தங்குவதில்லை. போன மாதம் மூச்சு வாங்க எங்கள் தறிக்கூடத்துக்கு வந்து பையைக் கவிழ்த்துக் காட்டினார். "அத்தினியும் பசங்க ஜாதகம். பேஜாரா கீதுப்பா" என்றார். காபி வேண்டாம் என்றுவிட்டார். தினேஷ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டுவந்தான். தினேஷுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. யார்மேல் கோபப்படுவதென்றே எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றியவர் என்று ஒருவராவது இருந்தால் போய்ச் சண்டையாவது போடலாம்.

இறுதி ஊர்வலத்துக்கு எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே என் பக்கத்தில் சேத்துப்பட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேளம் கொஞ்சம் ஓய்ந்தபோது என் பக்கம் குனிந்து, "உங்க வீட்ல பொண்ணு எதனா கீதுங்களா?" என்று கேட்டார்.

"பையன்தாங்க."

"எனக்கும் பையன்தான்" என்றார். எங்களுக்குப் பின்னாலிருந்த போளூர்க்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தவர், பேசாமல் இருந்துவிட்டார்.

தூக்குவதற்கு ஆள் கூப்பிட்டார்கள். தினேஷ் எழுந்துபோய்த் தோள் கொடுத்தான். அவனோடு சேத்துப்பட்டுப் பையன், போளூர்ப் பையன், பெரணமல்லூர்ப் பையன் என்று ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். நெற்றி ஏறி, காதோரம் நரைத்து, எல்லாரும் அண்ணன் பெண் தேடிக்கொண்டிருந்த பையன்கள்.

போய் வாருங்கள் அண்ணே. இவர்களுக்கு என்ன செய்வதென்று எங்களுக்கும் தெரியவில்லை.